செய்தியைக் கேட்டால் போதாது, திருப்பிச் சொல்ல வேண்டும்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் உருவாகும் அகல் விளக்குகளும் பொம்மைகளும் மின்சாதனப் பீங்கான் பொருட்களும் வெளியூர்களுக்குப் போகின்றன. அந்த ஊரின் செராமிக் கல்லூரியில் டிப்ளமோ முடிக்கும் இளைஞர்களில் பலரும் வேலைக்காக வெளியூர் போக வேண்டியவர்களே. நாட்டின் டைல்ஸ் உற்பத்தியில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியில் நடக்கிறது. சானிட்டரிவேர், இன்சுலேட்டர், உலைச் செங்கல் நிறுவனங்கள் பல மாநிலங்களில் பரவிக் கிடக்கின்றன. அங்கே நேர்காணலுக்குப் போகும் ஒரு மாணவரிடம் எளிய கேள்வி ஒன்று கேட்கப்படுவதாக வைத்துக்கொள்வோம்: மின்கம்பத்து இன்சுலேட்டர் எப்படித் தயாராகிறது? களிமண்ணையும் குவார்ட்ஸையும் ஃபெல்ட்ஸ்பாரையும் ஏன் கலக்கிறோம், உருக்கொடுத்த பிறகு ஏன் நிதானமாக உலர்த்துகிறோம், கிளேஸ் எதற்கு, 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூளையில் சுடும்போது என்ன மாற்றம் நடக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தேர்வில் ஆங்கிலத்திலேயே எழுதித் தேறியவர் அவர். வாயால் சொல்லச் சொன்னால் மட்டும் இரண்டாவது வாக்கியத்தில் நின்றுபோகிறார். கலைக் கல்லூரியில் வணிகவியலும் வேதியியலும் படிக்கும் கிராமத்து மாணவர்களின் நிலையும் இதுதான். விஷயம் தெரியும், சொற்களும் ஓரளவு தெரியும். அவற்றைச் சேர்த்து நான்கு பேர் முன்னால் சொல்லிப் பழக்கமில்லை.

இந்தக் குறை நம் கல்வி முறையிலேயே ஊறியது. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 10 மதிப்பெண் அகமதிப்பீட்டுக்கு. பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்த ஒருவர், ஒரு முழு நிமிடம்கூடத் தானாக ஆங்கிலத்தில் பேசாமலேயே அந்தப் பாடத்தில் உயர்ந்த மதிப்பெண் பெற்றுவிட முடியும். கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரையிலானோரிடையே எடுக்கப்பட்ட 2023-ஆம் ஆண்டின் ‘அசர்’ ஆய்வு, அவர்களில் சுமார் 57 விழுக்காட்டினர் ஆங்கில வாக்கியங்களைப் படிக்கிறார்கள் என்றது. படிக்கத் தெரிந்தவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பொருளும் சொன்னார்கள். அந்த ஆய்வில் பேச்சு அளக்கப்படவே இல்லை. எதை அளக்கிறோமோ அதைத்தான் கற்பிக்கிறோம். அளக்காத திறனை மாணவரின் தனிப்பட்ட முயற்சிக்கு விட்டுவிடுகிறோம். வசதியுள்ளவர் பணம் கட்டி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறார். இல்லாதவருக்குக் கிடைப்பது ஓர் அறிவுரை மட்டும்: ‘தினமும் ஆங்கிலச் செய்தி பார், தானாகப் பேச்சு வந்துவிடும்.’

இந்த அறிவுரைக்கு நீண்ட வரலாறு உண்டு. பிபிசி 1943-இலிருந்து ஒலிபரப்பின் வழியாக ஆங்கிலம் கற்பித்து வருகிறது. அமெரிக்காவின் ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ 1959-இல் ‘ஸ்பெஷல் இங்கிலீஷ்’ என்ற சேவையைத் தொடங்கியது. ஏறத்தாழ 1,500 அடிப்படைச் சொற்களுக்குள், சிறு சிறு வாக்கியங்களில், வழக்கத்தைவிட வேகம் குறைத்து உலகச் செய்திகளை வாசித்தது அது. நம் நாட்டில் ஆகாசவாணியின் இரவு ஒன்பது மணி ஆங்கிலச் செய்தியும், 1988-இல் தூர்தர்ஷனில் பிரணாய் ராய் தொடங்கிய ‘தி வேர்ல்டு திஸ் வீக்’ நிகழ்ச்சியும் எத்தனையோ வீடுகளில் ஆங்கில ஆசிரியர்களாக இருந்தன. இன்று அதே செய்தி கைபேசியில் காணொளியாக, வசன வரியோடு, நினைத்த இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்கும் வசதியோடு கிடைக்கிறது. அறிவுரை தவறில்லை, ஆனால் பாதியில் நின்றுவிட்டது. செய்தி பார்ப்பது கேட்கும் திறனை வளர்க்கும். பேச்சு வர வேண்டுமானால், பார்த்த செய்தியை இன்னொருவரிடம் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கான நேரத்தையும் மதிப்பெண்ணையும் பள்ளிகளும் கல்லூரிகளும் ஒதுக்காதவரை, எத்தனை காணொளிகள் கைக்கு வந்தாலும் வாய் திறக்காது.

கேட்டது ஏன் பேச்சாக மாறவில்லை?

இதற்கு வலுவான சான்று கனடாவிலிருந்து கிடைக்கிறது. ஆங்கிலம் பேசும் குடும்பத்துக் குழந்தைகளுக்கு எல்லாப் பாடங்களையும் பிரெஞ்சு மொழியில் நடத்தும் முயற்சி 1965-இல் கியூபெக் மாநிலத்தில் தொடங்கியது. அந்தக் குழந்தைகள் ஆண்டுக்கணக்கில், நாள் முழுவதும், புரியும்படியான பிரெஞ்சைக் கேட்டார்கள். கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு நெருக்கமாக வந்தார்கள். பேசுவதிலும் எழுதுவதிலும் தெளிவாகப் பின்தங்கினார்கள். இதை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985-இல் ஒரு விளக்கம் தந்தார். கேட்கும்போது சொற்களின் பொருளையும் சூழலையும் பிடித்துக்கொண்டால் போதும். இலக்கணம் முழுவதும் கைவசம் இல்லாமலேயே புரிந்துவிடும். பேசும்போது அந்தச் சலுகை கிடையாது. எந்தச் சொல் முதலில், எந்தக் காலம், ஒருமையா பன்மையா என்று ஒவ்வொன்றையும் நாமே முடிவு செய்தாக வேண்டும். ‘இதைச் சொல்லத் தெரியவில்லையே’ என்ற இடைவெளி அப்போதுதான் நமக்கே தெரிய வருகிறது. தெரிய வந்த பிறகுதான் அடுத்த முறை அந்தச் சொல்லை, அந்த வாக்கிய அமைப்பைக் காது தேடிப் பிடிக்கிறது. நாள் முழுவதும் மொழியில் மூழ்கிய குழந்தைகளுக்கே கேட்டல் மட்டும் போதவில்லை என்றால், தினமும் அரை மணி நேரம் செய்தி பார்க்கும் விருத்தாசலம் மாணவருக்கு அது எப்படிப் போதும்?

அப்படியானால் செய்திக் காணொளி எதற்கு, நேராகப் பேச வைத்துவிடலாமே என்று தோன்றலாம். பேச்சு வகுப்புகள் பலவும் தோற்பது இந்த இடத்தில்தான். ‘உன் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசு’ என்றால் மாணவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிடுகிறார், சொல்வதற்குச் சரக்கு இல்லாததால். செய்தி அந்தச் சரக்கைத் தருகிறது. என்ன நடந்தது, எங்கே, எப்போது, யாருக்கு, ஏன், அடுத்து என்ன என்ற ஒழுங்கையும் சேர்த்தே தருகிறது. அந்த ஆறு கேள்விகளைப் பிடித்துக்கொண்டு யாரும் இரண்டு நிமிடம் பேசிவிட முடியும். இன்னொரு நன்மையும் உண்டு. ஒரே செய்தி நாள்கணக்கில் தொடரும்போது அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. தொடர்பற்ற பல செய்திகளைவிட ஒரே நிகழ்வைத் தொடரும் செய்திகளில் புதிய சொற்களின் சுமை குறைகிறது என்று 1989-இல் ஹ்வாங், பால் நேஷன் ஆகியோரின் நாளிதழ் ஆய்வு காட்டியது. படிப்பவருக்குச் சொன்ன இந்த உண்மை, பார்ப்பவருக்கும் பொருந்தும்.

கடலூர் மாவட்டத்து மாணவர்களுக்கு இதை விளக்கப் புயலை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு தேவையில்லை. 2024 நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் பல மணி நேரம் நகராமல் நின்றது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணையில் வெள்ளம் பாய்ந்தது. அந்த ஒரு வாரச் செய்திகளை ஆங்கிலத்தில் தொடர்ந்தவர், ‘லேண்ட்ஃபால்’, ‘லோ-லையிங்’, ‘இவாக்குவேட்’, ‘ரிலீஃப்’ போன்ற சொற்களை அகராதி இல்லாமலே அறிந்திருப்பார். நடந்தது என்ன என்பதை அவர் ஏற்கெனவே தமிழில் அறிந்தவர், பலர் நேரிலும் கண்டவர்கள். தெரிந்த விஷயம் தெரியாத மொழியைத் தாங்கிப் பிடிக்கிறது. லண்டன் போக்குவரத்தைப் பற்றிய பாடநூல் உரையாடலால் இதைச் செய்ய முடியாது.

இரண்டு நிமிடக் காணொளி, இருபது நிமிடப் பேச்சு

இதை வகுப்பில் எப்படி நடத்துவது? ஆசிரியர் முதல் நாளே இரண்டு நிமிடத்துக்கு மிகாத ஒரு காணொளியைத் தேர்ந்தெடுக்கிறார். செய்தியாளர் களத்தில் நின்று பேசுவதாக இருந்தால் நல்லது. வகுப்பில் முதலில் அந்தச் செய்தி என்ன என்பதைத் தமிழிலேயே இரண்டு மாணவர்கள் சொல்கிறார்கள். பிறகு காணொளி ஓடுகிறது, வசன வரி இல்லாமல் ஒரு முறை, வசன வரியோடு இன்னொரு முறை. வேகம் அதிகம் என்றால் முக்கால் வேகத்துக்குக் குறைத்துக்கொள்ள யூடியூபில் வழி இருக்கிறது. மூன்றாம் முறை நான்கைந்து வாக்கியங்களில் மட்டும் நிறுத்தி, வாசிப்பவரின் ஏற்ற இறக்கத்தோடு மாணவர்கள் கூடவே சொல்லிப் பார்க்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர்களின் பயிற்சியிலிருந்து வந்து, ஜப்பானிய ஆங்கில வகுப்புகளில் பரவலாகக் கையாளப்படும் முறை இது. ஒலியும் ஓட்டமும் நாக்குக்குப் பழகுவதற்கு உதவும். இத்தனைக்கும் பத்து நிமிடம் போதும்.

அதன் பிறகு திரை அணைந்துவிட வேண்டும். மாணவர்கள் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் மற்றவருக்கு அந்தச் செய்தியைச் சொல்கிறார். கையில் ஐந்தாறு சொற்கள் எழுதிய துண்டுத் தாள் இருக்கலாம், முழு வாக்கியம் இருக்கக் கூடாது. முதல் முறை நான்கு நிமிடம். பிறகு இணை மாறுகிறது. அதே செய்தியைப் புதியவரிடம் மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும். மறுபடி மாறி இரண்டு நிமிடம். தொடக்கநிலை மாணவருக்கு மூன்று, இரண்டு, ஒன்று என்று குறைத்துக்கொள்ளலாம். நியூசிலாந்தின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் நேஷன் 1989-இல் இந்த முறையை ஆராய்ந்தபோது, மூன்றாவது முறை சொல்கையில் வேகம் கூடியது, தயக்கம் குறைந்தது, இலக்கணப் பிழைகளிலும் முன்னேற்றம் தெரிந்தது. 2011-இல் டி யோங், பெர்ஃபெட்டி ஆகிய ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஆங்கிலம் கற்போரிடம் ஒரு படி மேலே போய்ச் சோதித்தார்கள். ஒரே பொருளைத் திரும்பத் திரும்பப் பேசியவர்களின் சரளம், பின்னர் புதிய பொருளைப் பேசும்போதும் நிலைத்தது. ஒவ்வொரு முறையும் வேறு பொருளைப் பேசியவர்களிடம் அந்தப் பலன் நிலைக்கவில்லை. ஆகவே திரும்பச் சொல்வது வெறும் மனப்பாடமாக முடிந்துவிடும் என்ற அச்சம் தேவையில்லை. கேட்பவர் மாறிக்கொண்டே இருப்பதால், சொல்பவர் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் சொல்கிறார்.

புயல் செய்தியில் பழகிய நாக்கை மெல்லத் தொழிலின் பக்கம் திருப்ப வேண்டும். செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது சரக்குக் கட்டணம் உயர்ந்து மோர்பியின் டைல்ஸ் ஏற்றுமதி நெருக்கடிக்கு உள்ளானது. இயற்கை எரிவாயு விலை ஏறும்போதெல்லாம் சூளைகளின் செலவு ஏறுகிறது. இவை செராமிக் மாணவரின் எதிர்காலத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள செய்திகள். அந்தச் செய்தியைச் சொல்லி முடித்ததும், ‘எரிவாயு விலை ஏறினால் டைல்ஸ் விலை ஏன் ஏறுகிறது?’ என்று எதிரில் இருப்பவர் கேட்கட்டும். பதில் சொல்லப் போனால் சூளை, வெப்பநிலை, சுடும் நேரம் என்று மாணவர் தன் பாடத்துக்குள்தான் போயாக வேண்டும். தொடக்கத்தில் சொன்ன நேர்காணல் கேள்விக்கான பயிற்சி அங்கே தொடங்கிவிடுகிறது. செய்தியைச் சொல்லத் தெரிந்தவருக்குச் செய்முறையை விளக்குவதும் எட்டும் தூரம்தான், ஏனென்றால் இரண்டுமே ‘முதலில் இது, அதனால் அது’ என்று அடுக்கிச் சொல்வதில் நிற்கின்றன.

எதிர்க் கேள்விகள்

செய்தி ஆங்கிலம் யாரும் பேசாத ஆங்கிலம், அதைப் பழகினால் மாணவர் வாசிப்பாளர் போலப் பேசுவார் என்பது முதல் ஆட்சேபம். உண்மைதான், செய்தி நடை இறுக்கமானது. ‘ரெசிடென்ட்ஸ் ஆஃப் லோ-லையிங் ஏரியாஸ் வேர் இவாக்குவேட்டட்’ என்கிறது திரை. அதையே நண்பரிடம் சொல்லும் மாணவர், ‘தே மூவ்டு த பீப்பிள் டு சேஃப் பிளேசஸ்’ என்கிறார். செய்தி மொழியைப் பேச்சு மொழியாக அவரே மாற்றுகிறார். அந்த மாற்றத்தில்தான் கற்றல் நடக்கிறது. வாக்கியத்தை அப்படியே ஒப்பிக்கச் சொல்வதுதான் தவறு. தன் சொற்களில் சொல்ல வைத்தால், செய்தி நடையின் இறுக்கம் பயிற்சிக்கான மூலப்பொருளாகிவிடுகிறது.

உச்சரிப்பும் வேகமும் மிரட்டுகின்றனவே என்பது அடுத்தது. அயல்நாட்டு உச்சரிப்பைத் துரத்த வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆங்கிலத்தை முதல், இரண்டாம் அல்லது மூன்றாம் மொழியாகக் கூறிய இந்தியர்கள் சுமார் 12.9 கோடிப் பேர். அவர்களில் அதை முதல் மொழியாகக் கொண்டவர்கள் மூன்று லட்சத்தை எட்டவில்லை. விருத்தாசலம் மாணவர் மோர்பியிலும் பெங்களூருவிலும் பேசப்போவது அவரைப் போலவே ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்ட இந்தியர்களிடம்தான். தூர்தர்ஷன், ஆகாசவாணி ஆங்கிலச் செய்திகளின் தெளிவான இந்திய உச்சரிப்பு அவருக்குப் போதுமான முன்மாதிரி. அதில் காது ஊன்றிய பிறகு பிபிசிக்குப் போகலாம்.

செய்தி அலைவரிசைகளின் கூச்சலையும் சார்பையும் வகுப்பறைக்குள் கொண்டுவரலாமா என்ற கவலை முற்றிலும் நியாயமானது. ஒருவரை ஒருவர் பேசவிடாமல் கத்தும் இரவு விவாதங்கள் மொழி கற்க எந்த வகையிலும் உதவாது. மாணவர் அதில் கற்பது குறுக்கிடுவதை மட்டும்தான். வானிலை, அறிவியல், விளையாட்டு, வேளாண்மை, தொழில், பொதுச் சுகாதாரம் என்று தேர்ந்தெடுத்தால் தேவைக்கு அதிகமாகவே செய்தி கிடைக்கும். மேல் வகுப்புகளில் ஒரே நிகழ்வை இரண்டு அலைவரிசைகள் எப்படிச் சொல்கின்றன என்று ஒப்பிட்டுப் பேச வைத்தால், ஆங்கிலத்தோடு செய்தியை எடைபோடும் பழக்கமும் வரும். போலிச் செய்திகள் நிறைந்த காலத்தில் அது சிறிய ஆதாயமில்லை.

எல்லாவற்றையும்விட ஆழமான கேள்வி ஒன்று இருக்கிறது: ஆங்கிலப் பேச்சுக்கு இவ்வளவு அழுத்தம் கொடுத்தால் தமிழ் என்னாவது? 1968-இல் சட்டமன்றத் தீர்மானத்தின் வழியாக இருமொழிக் கொள்கையை ஏற்றபோது, தமிழோடு ஆங்கிலத்தையும் நம் பிள்ளைகளுக்குத் தருவதாகத் தமிழ்நாடு உறுதி ஏற்றது. எழுத மட்டும் தெரிந்த ஆங்கிலத்தைக் கொடுத்தால் அந்த உறுதி பாதிதான் நிறைவேறியிருக்கிறது. இங்கே சொல்லப்படும் முறை தமிழை வெளியே நிறுத்துவதும் இல்லை. செய்தி முதலில் தமிழில் பேசப்படுகிறது. தமிழில் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவரே ஆங்கிலத்திலும் தெளிவாகச் சொல்கிறார். வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்று அச்சுறுத்தும் பள்ளிகளைவிட இது இரு மொழிகளுக்கும் நல்லது.

ஐம்பது பேர் வகுப்பில், ஆங்கிலத்தில் சரளமாகப் பேசாத ஆசிரியரால் இதை நடத்த முடியுமா என்று கேட்கலாம். இந்த முறையின் பலமே அங்குதான் இருக்கிறது. மாதிரி ஆங்கிலத்தைக் காணொளி தருகிறது. கேட்பவராக உடன் படிப்பவர் இருக்கிறார். ஆசிரியர் நேரம் பார்க்கிறார், இணை மாற்றுகிறார், காது கொடுத்து நடக்கிறார். ஐம்பது பேர் இணைகளாக அமர்ந்தால் ஒரே சமயத்தில் இருபத்தைந்து பேர் பேசுகிறார்கள். ஒவ்வொருவராக எழுப்பிப் பேச வைத்தால் ஒரு மணி நேரத்தில் ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். பிழைகளை இடைமறித்துத் திருத்த வேண்டியதில்லை; கடைசி ஐந்து நிமிடத்தில், பலர் செய்த இரண்டு பிழைகளை மட்டும், யார் பெயரையும் சொல்லாமல் கரும்பலகையில் எழுதித் திருத்தினால் போதும். கூச்சமே பேச்சின் முதல் எதிரி. முழு வகுப்பின் முன் நிற்கும் அச்சமின்றி ஒருவரிடம் மட்டும் பேசும்போது அது கரையத் தொடங்கும்.

அரசு செய்யக்கூடியவை

கருவிகள் பெரும்பாலும் ஏற்கெனவே நம் கையில் உள்ளன. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் மாணவரை வேலைக்குத் தகுதியாக்குவதையே நோக்கமாகக் கொண்டிருக்கிறது. இவற்றை இணைக்கும் வேலைதான் மிச்சம். முதலாவதாக, கல்வித் தொலைக்காட்சி நாள்தோறும் மூன்று நிமிட எளிய ஆங்கிலச் செய்தியைத் தயாரிக்க வேண்டும்: தமிழ்நாட்டுச் செய்திகள், வரையறுக்கப்பட்ட சொற்கள், நிதானமான வாசிப்பு, திரையில் வசன வரி, கூடவே ஆசிரியருக்கு ஒரு பக்கக் குறிப்பு. இதற்கு முன்னோடியான ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ 2025 மார்ச்சில் அந்நாட்டு அரசின் ஒரே ஆணையால் முடங்கியது. பிறர் தயாரிப்பை நம்பியிருப்பதன் ஆபத்தை அது காட்டுகிறது. மேட்டூர் அணையும் டெல்டா குறுவையும் நம் மாணவருக்குத் தரும் பழக்கமான களத்தை வாஷிங்டன் எப்போதும் தரப்போவதும் இல்லை.

இரண்டாவதாக, வாரம் ஒரு பாடவேளையைத் திருப்பிச் சொல்லும் பயிற்சிக்கென்று பள்ளிக் கால அட்டவணையிலேயே எழுத வேண்டும். கால அட்டவணையில் இல்லாத எதுவும் பொதுத்தேர்வு நெருங்கும்போது முதலில் பலியாகும். மூன்றாவதாக, அகமதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணில் ஒரு பங்கைப் பேச்சுக்கு ஒதுக்க வேண்டும். சிபிஎஸ்இ ஆங்கிலப் பாடத்தில் கேட்டலுக்கும் பேச்சுக்கும் அகமதிப்பீட்டில் இடம் இருக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு மறுக்கப்படக் காரணமே இல்லை. அகமதிப்பீடு என்றால் எல்லோருக்கும் முழு மதிப்பெண் என்று ஆகிவிடும் அபாயம் உண்டு. ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு மாணவரின் இரண்டு நிமிடப் பேச்சை ஆய்வகக் கணினியில் பதிவு செய்து வைத்தால், முன்னேற்றம் யார் கேட்டாலும் தெரியும். மாணவருக்கே முதலில் தெரியும். பாலிடெக்னிக்குகளிலும் கலைக் கல்லூரிகளிலும் இதே பதிவு, தன் துறையின் ஒரு செய்முறையை விளக்குவதாக இருக்கலாம்.

ஆங்கிலப் பேச்சு இன்று தமிழ்நாட்டில் பணத்தோடும் நகரத்தோடும் குடும்பப் பின்னணியோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டில் ஆங்கிலம் கேட்கும் பிள்ளைக்குத் தனிப் பயிற்சி தேவைப்படுவதில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு வகுப்பறையை விட்டால் வேறு இடமே இல்லை. கைபேசியைக் காட்டி ‘செய்தி பார்த்துக் கற்றுக்கொள்’ என்று அவரிடம் சொல்வது, பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டு நாம் விலகிக்கொள்வதாகும். காணொளி யாருக்கும் கிடைக்கும். தான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்க ஒரு மனிதர் கிடைப்பதுதான் அரிது. அந்த மனிதரைப் பக்கத்து இருக்கையில் அமர வைப்பது பள்ளியால் எளிதாக முடியும். வாரம் ஒரு பாடவேளை, நாளுக்கு மூன்று நிமிடச் செய்தி, மதிப்பெண்ணில் ஒரு சிறு பங்கு: இவற்றைக் கொடுத்தால், விருத்தாசலத்திலிருந்து நேர்காணலுக்குப் போகும் மாணவர் தனக்குத் தெரிந்ததை முழுமையாகச் சொல்லி முடிப்பார். வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கலாம்.